கோணலாகவே போடுங்கள்: கோலத்துக்குக் கை வராது என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு

கோலநோட்டு நிறைந்திருக்கும். கைப்பேசியில் சேமித்து வைத்த கோலப் படங்கள் அதைவிட அதிகம் இருக்கும். வாசலில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கேட்டால், "எனக்குக் கை வராதுங்க, கோடு நடுங்கும்" என்பார்கள். கை வராததால் போடவில்லை என்பது பாதி உண்மை. போடாததால் கை வரவில்லை என்பது மீதிப் பாதி.

எல்லாம் திருத்தமாக வந்தால்தான் தொடங்குவேன் என்கிற பிடிவாதத்தை உடைக்க, கோலத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். தைத்த ரவிக்கை கோணலானால் துணி வீண். எழுதிக் கொடுத்த கட்டுரை பிழையோடு நின்றுவிடும். கோலத்தையோ தபால்காரரும் பூனையும் மத்தியானத்துக்குள் பாதி கலைத்துவிடுவார்கள், மிச்சத்தை மறுநாள் காலைத் துடைப்பம் எடுத்துக்கொண்டு போய்விடும். இன்றைய தப்புக்கு ஆயுள் ஒரு நாள். ஆகவே இன்றைய கோலத்தைத் திருத்துவதில்லை, நாளைய கோலத்தில்தான் திருத்தம் என்பதே இந்த மூன்று வாரப் பயிற்சியின் ஒரே சட்டம். தினம் 10 நிமிஷம், 21 காலை. ஒன்றுமே தெரியாதவரும் தொடங்கலாம். பெண்களுக்கு மட்டுமான வேலையும் இல்லை இது. மாவுக்கு யார் விரல் என்று தெரியாது.

எங்கே மாட்டிக்கொள்கிறோம்

முதல் தப்பு, மார்கழிக்குக் காத்திருப்பது. டிசம்பர் நடுவில் மாதம் பிறக்கும். முதல் நாளே 15 புள்ளியில் இறங்கி, அரை மணி நேரம் குனிந்து, நடுவில் வரிசை நழுவி, அழித்து, மறுபடி வைத்து, நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கருக்குத் திரும்புவார்கள். தெருவே போட்டிபோடும் மாதத்தில் கன்னிக்கோலம் போடுவது தேர் வரும் வீதியில் சைக்கிள் பழகுவதற்குச் சமம். எந்த நாளும் விசேஷமில்லாத மாதமே தொடங்க நல்ல மாதம்.

இரண்டாவது, நோட்டு. இதை மட்டும் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் நோட்டில் போடுவது உழைப்பு மாதிரியே இருக்கும். பேனா தாளில் ஊன்றி நகர்கிறது. தாளின் உராய்வு கையைத் தாங்கிக்கொள்கிறது. உள்ளங்கையும் மேசையில் படிந்திருக்கிறது. மாவு அப்படியில்லை. கை அந்தரத்தில் நிற்க, விரலிடுக்கிலிருந்து மாவு கீழே விழுந்து கோடாகிறது. தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் நோட்டில் வருஷக்கணக்கில் போட்டவருக்கும் தரையில் முதல் கோடு நடுங்கத்தான் செய்யும். உடனே, "இன்னும் பழக்கம் போதவில்லை" என்று நோட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். நோட்டு கற்றுத்தருவது கோடு போகும் வழியை மட்டுமே, கையை அல்ல. முந்தின இரவு 5 நிமிஷம், நாளைக்குப் போடும் கோலத்தை ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் நோட்டுக்கு இடம்.

மூன்றாவது, வண்ணப்பொடி. கோடு கோணலாக வந்ததை மறைக்க உள்ளே நிறம் நிரப்பத் தொடங்கினால் நாற்பது நிமிஷம் போகும், கோடு பழகியிருக்காது. காவிக் கரையும் இப்படித்தான்: சுற்றிச் செம்மண் பூசினால் எந்தக் கோலமும் எடுப்பாகத் தெரியும். 21 நாளும் வெள்ளை மாவு மட்டும்.

உருளை, ஓட்டை போட்ட குழாய், அச்சுத்தட்டு ஆகியவற்றில் குற்றமில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் அவை வேறு வேலை.

மாவும் தரையும்

கடையில் கோலமாவு என்று விற்பது வெள்ளைக் கல்லைப் பொடித்தது. வாங்கும்போது விரலிடுக்கில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று ஒட்டினால் வேண்டாம். விரலில் அப்பிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். நைஸ் ரவையின் பதத்தில், தேய்த்ததும் சரசரவென்று இறங்குவதே புதியவர் கைக்கு ஏற்றது. பச்சரிசி மாவு மட்டும் வைத்துப் போடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மூன்று வாரம் பொறுக்கலாம். அது லேசானது, காற்றில் பறக்கும், ஈரம் பட்டால் விரலோடு ஒட்டும். எறும்புக்கும் குருவிக்கும் ஏதாவது போகட்டும் என்று நினைத்தால் நாலு பங்கு கல்மாவில் ஒரு பங்கு அரிசி மாவு கலக்கலாம், ஓட்டம் கெடாது.

அரைக் கிலோ வாங்கினால் மூன்று வாரத்துக்குக் காணும். ஒரு சாண் அகலக் கோலத்துக்கு ஒரு சிறங்கை மாவு போதும். டப்பாவோடு வாசலுக்குப் போகாதீர்கள். கொட்டாங்கச்சியில் ஒரு சிறங்கை மட்டும் எடுத்துப் போங்கள். மாவு தீர்ந்தால் கோலமும் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டால், அழித்து அழித்துப் போடும் ஆசைக்கு அங்கேயே கடிவாளம்.

பனிக்காலத்தில் மாவு ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பிவைத்துச் சலித்தால் சரியாகும். "இன்றைக்குக் கை சரியில்லை" என்று நினைக்கும் நாட்களில் பலமுறை கோளாறு மாவில்தான் இருக்கும். கையைக் குறைசொல்வதற்கு முன் மாவைத் தேய்த்துப் பாருங்கள்.

தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தேங்கிய நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, இரண்டு மூன்று நிமிஷம் பொறுக்கவேண்டும். பார்க்கவேண்டியது நிறம்: தரை கருத்திருக்கவேண்டும், மின்னக்கூடாது. மின்னும்போது போட்டால் மாவு கரைந்து கோடு பரவும். முழுக்கக் காய்ந்தபின் போட்டால் மாவு தெறித்துக் கோட்டோரம் புகைந்தாற்போல இருக்கும். சாணம் தெளித்த மண்தரை இரண்டையும் மன்னிக்கும். சிமெண்டுத் தரை கொஞ்சம் மன்னிக்கும். வழவழப்பான ஓடு பதித்த தரை எதையும் மன்னிக்காது.

அடுக்குமாடி வீட்டில் அப்படிப்பட்ட தரைதான் இருக்கும், நடைபாதையும் பொது. அங்கே கதவோரம் ஒரு சாண் இடம் போதும். மாவு வழுக்கினால் சாக்பீஸைத் தண்ணீரில் தோய்த்துப் போடலாம். போடும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று வரும். அதுவும் முடியாதென்றால் பழைய மணைப்பலகை ஒன்றை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் போட்டதை உள்ளே எடுத்துப் பத்திரப்படுத்தக்கூடாது. அதையும் மறுநாள் துடைத்தாகவேண்டும்.

விரல்

கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. நடுவிரல் அடியில் தாங்கலாம். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின்மேல் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால் மாவு இறங்கும். அழுத்திப் பிடித்தால் இறங்காது, பிடி தளர்ந்தால் கொட்டிவிடும். விரல் நுனி தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். தரையில் உரசினால் போட்ட கோட்டை நகம் கலைக்கும். மூன்று அங்குலம் உயர்ந்தால் கோடு அகன்று மங்கும்.

மாவு விழும் இடத்தைப் பார்க்காமல், கோடு போய்ச்சேர வேண்டிய அடுத்த புள்ளியைப் பாருங்கள். சைக்கிளில் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர் தள்ளாடுவது போலத்தான் இதுவும். நடுக்கத்துக்கு இன்னொரு காரணம் மெதுவாகப் போவது. நத்தை வேகத்தில் இழுக்கும் கோட்டில் கையின் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாம் பதியும். கொஞ்சம் வேகமாக, ஒரு வளைவை ஒரே வீச்சில் இழுத்தால் வளைவு தானே உருண்டு வரும். திருத்தமாக வரவேண்டும் என்ற கவலைதான் கையை மெதுவாக்குகிறது, மெதுவான கைதான் கோட்டைக் கெடுக்கிறது.

நின்றபடி குனிந்து போடுவது பழகியவர்களுக்கு. முதல் மூன்று வாரம் குத்துக்காலிட்டோ சின்ன மணையில் உட்கார்ந்தோ போடலாம். ஒரு சாண் கோலத்துக்கு இடம் மாறவேண்டிய தேவையே வராது.

10 நிமிஷக் கெடு

பெருக்கித் தெளிக்க 2, ஈரம் இறங்க 3, புள்ளிக்கு 1, கோட்டுக்கு 3, எழுந்து நின்று பார்க்க 1. கைப்பேசியில் 10 நிமிஷ மணி வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுங்கள். மணி அடித்ததும் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். திறந்திருக்கும் கோட்டு முனைகளை ஒரு சிட்டிகை மாவால் அடைத்துவிட்டு எழலாம். கோடு திறந்திருந்தால் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அந்த ஒரு சிட்டிகையில் அவர்கள் மனமும் நிறையும்.

கெடு எதற்கென்றால், நேரம் நீண்டால் அந்த நேரம் முழுக்கத் திருத்தத்துக்கே போகும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: புள்ளி நழுவினால் திருத்துங்கள், கோடு நழுவினால் விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி தள்ளிப்போனால் அதைச் சுற்றும் எல்லாக் கோடுகளும் தள்ளிப்போகும், அதனால் கோடு தொடங்கும் முன் நகர்த்திவிட வேண்டும். புள்ளியை விரலால் ஒற்றி எடுத்தால் தடமும் பெரிதாகத் தெரியாது. கோடு அப்படியில்லை. ஈரத் தரையில் மாவுக் கோட்டைத் துடைத்தால் வெள்ளைத் தீற்றல் ஒன்று நிற்கும். கோணல் கோடு ஆறடி தள்ளி நிற்கிறவர் கண்ணில் படாது. தீற்றல் தெருமுனையிலிருந்தே தெரியும்.

முதல் வாரம்: 3 புள்ளி

வரிசை ஒன்று, புள்ளி மூன்று. புள்ளிக்குப் புள்ளி நாலு விரல் இடைவெளி. கையை மடக்காமல் நாலு விரலையும் சேர்த்துத் தரையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். இடதிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் வரிசை மெல்ல மேலேறும். இரண்டு ஓரப் புள்ளிகளை முதலில் வைத்து, நடுப்புள்ளியைக் கடைசியில் வையுங்கள். எத்தனை பெரிய கோலத்துக்கும் இதுவே முறை: ஓரம் முதலில், நடு பிறகு.

முதல் புள்ளியின் இடப்பக்கம் தொடங்கி அதன் தலைக்கு மேலே போய், இரண்டாம் புள்ளிக்குக் கீழே, மூன்றாம் புள்ளிக்கு மேலே. அங்கே வலப்பக்கம் சுற்றி, திரும்பும்போது மூன்றாவதற்குக் கீழே, இரண்டாவதற்கு மேலே, முதலாவதற்குக் கீழே வந்து தொடங்கிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று கண் கோத்த சங்கிலி. இதுவும் கோலம்தான். வாசலுக்கு இது போதாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்று நாள் இதையே. நாலாம் நாள் அதே வரிசையில் 5 புள்ளி. ஆறாம் நாள், 2 புள்ளி 2 வரிசை. இதில் ஒரே கோடு வராது; மூலைக்கு மூலை சாய்ந்த இரண்டு நீள்வட்டங்கள் ஒன்றையொன்று பின்னி வரும்.

இந்தப் பின்னல் கோலங்களுக்குச் சிக்குக் கோலம், கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்று ஊருக்கொரு பெயர். எளிய வகைக்கு விதி இரண்டே: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வந்தால் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும், ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றித் திரும்பவேண்டும். வெட்டாமல் விலகிப்போகும் வகைகளும் நிறைய உண்டு, அவை பிறகு.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

"நன்றாக இருக்கிறதா" என்று கேட்டால் பதில் எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் வரும். அதைக் கேட்காதீர்கள். எண்ணுங்கள். மேலே சொன்ன எளிய வகையில், அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கவேண்டும். 3 புள்ளி ஒரு வரிசையில் 2 வெட்டு. 5 புள்ளி ஒரு வரிசையில் 4. இரண்டுக்கு இரண்டில் 4. மூன்று புள்ளி இரண்டு வரிசையில் 7. மூன்றுக்கு மூன்றில் 12. எண்ணிக்கை சரியாக இருந்து, எல்லாப் புள்ளியையும் கோடு சுற்றியிருந்தால் கோலம் முடிந்தது. கோடு தடித்திருக்கலாம், ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் இருக்கலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

எண்ணிக்கை குறைந்தால் எங்கே குறைந்தது என்று பாருங்கள். ஏறக்குறைய எப்போதும், வெட்டவேண்டிய இடத்தில் கை ஓரம் என்று நினைத்துத் திரும்பியிருக்கும். அதையும் இன்றைக்குத் திருத்தாதீர்கள். நாளைக்கு அந்த இடத்துக்கு வரும்போது கை தானாகத் தயங்கும். அந்தத் தயக்கமே பாடம்.

இரண்டாம் வாரம்: 6 புள்ளி, 9 புள்ளி

மேலே 3, கீழே 3. நாலு விரல் இடைவெளி, வரிசைக்கு வரிசையும் அதே நாலு விரல், ஒன்றுக்கு நேர்கீழே ஒன்று. இதற்கு நேர்ப்புள்ளி என்று பெயர். மேல் வரிசை முதல் புள்ளியின் இடப்பக்கம் தொடங்கி அதன் தலைக்கு மேல் வளையுங்கள். அங்கிருந்து ஒரே சாய்வாக இறங்கி, கீழ் வரிசை மூன்றாம் புள்ளியின் அடிக்கு. அதைச் சுற்றி வலப்பக்கம் மேலேறி, சாய்வாக மேல் வரிசை நடுப்புள்ளியின் தலைக்கு. அங்கே வளைந்து இறங்கி, கீழ் வரிசை முதல் புள்ளியின் இடப்பக்கம் வந்து அதன் அடியைச் சுற்றுங்கள். மறுபடி ஒரே சாய்வாக மேல் வரிசை மூன்றாம் புள்ளியின் தலைக்கு ஏறி, அதைச் சுற்றி இறங்கி, கீழ் வரிசை நடுப்புள்ளியின் அடியைத் தொட்டுத் திரும்பினால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். படிக்கச் சிக்கலாக இருக்கும். முந்தின இரவு நோட்டில் ஒரு தடவை போட்டால் தெளியும்.

சிட்டிகை மாவு பாதியில் தீரும். வெட்டும் இடத்தில் நிறுத்தி மாவு எடுத்தால் அங்கே திட்டாகக் குவியும். ஓரத்து வளைவின் நடுவில் நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது ஒரு விரல் அகலம் பின்னால் இருந்து பழைய கோட்டின்மேலேயே தொடங்குங்கள். ஒட்டு தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

11ஆம் நாள் 3 புள்ளி 3 வரிசை. சுற்று வளைவுகளுக்கு இரண்டிரண்டு விரல் விட்டால் மொத்த அகலம் 12 விரல், பழைய கணக்கில் சரியாக ஒரு சாண். இங்கேதான் பலர் பயந்து அழிக்கிறார்கள். கோடு சுற்றிவந்து மூடிக்கொள்ளும். பார்த்தால் பல புள்ளிகள் தனியே நிற்கும். "எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன்" என்று துடைப்பார்கள். தப்பே இல்லை. மூன்றுக்கு மூன்றில் மூன்று தனித்தனிக் கோடுகள் வந்தே ஆகவேண்டும்.

கணக்கு இது: ஒரு வரிசையில் எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை வரிசை, இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு. பள்ளியில் படித்த மீ.பொ.வ. தான். மூன்றுக்கும் இரண்டுக்கும் 1, ஆகவே ஒரே கோடு. நாலுக்கு மூன்றும் ஒரே கோடு. ஆறுக்கு நாலு, இரண்டு கோடு. ஐந்துக்கு ஐந்து, ஐந்து கோடு. கட்டமாக வைத்த நேர்ப்புள்ளியில், எல்லா இடத்திலும் வெட்டிப்போகும் எளிய வகைக்கு இது பிசகாது. கோலத்துக்குள் இப்படிக் கணக்கு இருப்பதைக் கண்டவர்கள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி என்பவர், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய இருவருடன் சேர்ந்து, கணினிக்கு எழுதும் இலக்கணம்போலக் கோல வடிவங்களுக்கு விதி வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வாசலில் குந்தியிருப்பவருக்கு அதெல்லாம் தேவையில்லை. எது தப்பு, எது தப்பில்லை என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் பாதி அழிப்பு குறையும் என்பதற்காகச் சொல்கிறோம்.

எப்படிப் பார்ப்பது

போட்டு முடித்ததும் குத்துக்காலிட்டபடியே குனிந்து பார்க்காதீர்கள். முக்கால் அடி தூரத்தில் மாவின் ஒவ்வொரு பிசிறும் மலையாகத் தெரியும். எழுந்து நின்று, வாசற்படி இறங்கி, தெருப்பக்கம் ஆறடி தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள். போகிறவர் வருகிறவர் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான்.

பார்த்துவிட்டு ஒரே ஒரு குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் போதும்: "நெருக்கம்", "தடிப்பு", "ஈரம்", "சாய்வு". நாலு குறை கண்ணில் பட்டாலும் எழுதுவது ஒன்று. நாளைக்குக் கவனிக்கவேண்டியது அது மட்டும். நாலையும் ஒரே நாளில் சரிசெய்யப் போனால் கை மறுபடி மெதுவாகிவிடும்.

படம் எடுத்து உறவுக்காரர் குழுவில் போடும் ஆசை வரும். மூன்று வாரம் கழித்துப் போடலாம். முதல் வாரமே போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: யாராவது "சூப்பர்" என்பார்கள், நாளைக்கு அதற்குமேல் போடவேண்டும் என்ற பாரம் ஏறும், அல்லது யாராவது "வலப்பக்கம் சாய்ந்திருக்கே" என்பார்கள், நாளைக்குப் போடவே தோன்றாது. வீட்டில் யாராவது நேரிலேயே "என்ன, கோணலா இருக்கு?" என்று கேட்டால், "நாளைக்கும் போடுவேன், பாருங்க" என்றுவிட்டுத் துடைப்பத்தை மூலையில் வைத்தால் போதும்.

பார்ப்பார்களே என்ற கூச்சம் மிகுதியாக இருந்தால் நேரத்தை மாற்றுங்கள். ஐந்தரைக்குத் தெரு வெறிச்சோடியிருக்கும். அதுவும் முடியாதவர்கள் முதல் வாரத்தைப் பின்வாசலிலோ மொட்டைமாடியிலோ கழிக்கலாம். எட்டாம் நாளுக்குள் முன்வாசலுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மொட்டைமாடி இன்னொரு நோட்டாகிவிடும்.

விட்டுப்போன நாட்கள்

ஊருக்குப் போவீர்கள், மழை பெய்யும், தூங்கிவிடுவீர்கள். விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு போடாதீர்கள்; நாள் எண்ணிக்கையை ஒன்றிலிருந்தும் தொடங்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து அதே கோலம். துக்க நாளில் கோலம் போடுவதில்லை. திதி நாளிலும் போடாத வீடுகள் உண்டு. அவை கணக்கிலேயே சேராது. மழை நாளில் கதவுக்கு உட்புறம் மூன்று புள்ளி.

எதற்கும் மனமில்லாத நாளில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வட்டம். இருபது வினாடி. அதற்காகத் தரையைப் பெருக்கித் தெளித்தாகிவிட்டதே, அதுவே பெரிய பங்கு. பெருக்கிய ஈரத்தரையைப் பார்த்ததும் பெரும்பாலும் இன்னும் இரண்டு புள்ளி வைக்கத் தோன்றும். தோன்றாவிட்டாலும் சரி.

மூன்றாம் வாரம்: ஊடுபுள்ளி

மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கீழ்வரிசையின் புள்ளி விழுந்தால் அது ஊடுபுள்ளி. சில ஊர்களில் இடைப்புள்ளி, சந்துப்புள்ளி என்பார்கள். "3 முதல் 2 வரை ஊடுபுள்ளி" என்றால் நடுவரிசையில் 3, மேலே 2, கீழே 2, மொத்தம் 7. நடுவரிசையை முதலில் வையுங்கள். இங்கே ஒரு நுட்பம்: புள்ளிக்குப் புள்ளி நாலு விரல் என்றால் வரிசைக்கு வரிசை மூன்றரை விரல்தான். அதற்கும் நாலு விரல் விட்டால் கோலம் மேலும் கீழுமாக நீண்டு, பூ வட்டமாக வராமல் முட்டை வடிவில் வரும். கை கோணல் என்று நினைத்து வருத்தப்படுகிறவர்களில் பலருக்கு இந்த அரை விரல்தான் சிக்கல்.

முதல் இரண்டு நாள் நட்சத்திரம். நடுவரிசை இடக்கோடிப் புள்ளி, மேல்வரிசை வலப்புள்ளி, கீழ்வரிசை வலப்புள்ளி மூன்றையும் நேர்க்கோட்டால் சேர்த்தால் ஒரு முக்கோணம். எதிர்ப்பக்கம் அதேபோல இன்னொன்று. நேர்க்கோடு வளைவைவிடக் கடினம், நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். பரவாயில்லை, இரண்டு நாள்தான். அடுத்த இரண்டு நாள் அதே 7 புள்ளியில் பூ: நடுப்புள்ளியிலிருந்து சுற்றியுள்ள ஆறுக்கும் ஒவ்வோர் இதழ். இதழின் ஒரு பக்கத்தை வெளியே போகும்போதும் மறுபக்கத்தைத் திரும்பும்போதும் போடுங்கள். எதிரெதிர் இதழ்களை முதலில் முடித்துக்கொண்டால் கடைசி இதழுக்கு இடம் நெருக்காது.

மிச்ச மூன்று நாளுக்கு "5 முதல் 3 வரை ஊடுபுள்ளி". நடுவில் 5, இருபுறமும் 4, பிறகு 3, மொத்தம் 19. நட்ட நடுவில் அந்த ஆறிதழ்ப் பூ. அதற்கு வெளியே பெரிய நட்சத்திரம்: நடுவரிசை இடக்கோடி, உச்சி வரிசை வலக்கோடி, அடி வரிசை வலக்கோடி, பிறகு எதிர்ப்பக்க முக்கோணம். ஒவ்வொரு கோடும் நடுவில் ஓர் இதழ் நுனியைத் தொட்டுக்கொண்டு போகும், அதனால் நேராகப் போகிறதா என்று பார்க்கத் தனி அளவு தேவையில்லை. நட்சத்திர முனைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் 6 புள்ளிகள் மிஞ்சும். அவற்றில் சின்ன அகல் வடிவம் வைக்கலாம். கெடு 15 நிமிஷமாக நீளலாம், அதற்குமேல் வேண்டாம். மணி அடிக்கும்போது நாலு அகல் மட்டும் போட்டிருந்தால், நாலு அகலோடு எழுந்துவிடுங்கள்.

அதன்பிறகு 7 முதல் 4 வரை போகலாம், 37 புள்ளி. அல்லது மாவை மாற்றி இழைக்கோலத்துக்குப் போகலாம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, சின்னத் துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியே மாவு இறங்கும். அங்கே விரல் தரையைத் தொட்டுக்கொண்டே போகும், சிட்டிகை பிடித்துப் பழகிய கை திகைக்கும். ஆகவே அதற்கும் முதல் நாள் ஒரு வரிசை, 3 புள்ளி.